1060 முதல் 5060 வரை: எங்கள் எடிட்டிங் மேசைக்கு வந்த ஐந்து கிராபிக்ஸ் கார்டுகள்

மதுரையில் நாங்கள் நடத்திவரும் சிறிய திருமண வீடியோ ஸ்டூடியோவில் 2017 முதல் இன்றுவரை என்விடியாவின் ஜிஃபோர்ஸ் வரிசையில் 60 என்று முடியும் கிராபிக்ஸ் கார்டுகளையே வாங்கி வந்திருக்கிறோம். ஜிடிஎக்ஸ் 1060, ஆர்டிஎக்ஸ் 2060, 3060, 4060, 5060 என ஐந்து தலைமுறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் எடிட்டிங் மேசைக்கு வந்தன; அவற்றுள் மூன்று இப்போதும் வேலையில் இருக்கின்றன. இந்தக் கார்டுகளைப் பற்றி வரும் மதிப்பாய்வுகளில் பெரும்பாலானவை கணினி விளையாட்டுகளில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் கிடைக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றன. முகூர்த்தம் முடிந்த இரவே நூற்றுக்கணக்கான ஜிபி பதிவுகளைக் கணினியில் ஏற்றி, வண்ணம் திருத்தி, தொகுத்து, பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொன்ன நாளில் கொடுக்க வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அளவுகோல் பாதி வழிதான் துணை வருகிறது. ஆகவே படத்தொகுப்பு வேலையில் இந்த ஐந்தும் எப்படி உழைத்தன, ஒவ்வொரு தலைமுறையிலும் எது கூடியது, எது குறைந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தில் வேகமானது 5060. ஆனால் கொடுத்த விலைக்கு முழுமையான கார்டு என்று நான் மனமாரச் சொல்லக்கூடியது 2021-இல் வந்த, 12 ஜிபி நினைவகம் கொண்ட 3060 ஒன்றுதான். அதற்குப் பின் வந்த இரண்டு தலைமுறைகளும் வேகத்தைக் கூட்டின, நினைவகத்தைக் குறைத்தன. அந்தக் குறையை எந்த வேகமும் ஈடு செய்யவில்லை என்பதை ஒவ்வொரு கல்யாண சீசனிலும் பார்க்கிறேன்.

விளையாட்டுக்காகப் பிறந்த ஒரு பொருள் படத்தொகுப்பாளர் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு முப்பரிமாணப் படத்தை மட்டுமே வரையும். சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு தேவைப்பட்டது, இரண்டையும் ஒரு கேபிளால் வெளியே இணைக்க வேண்டியிருந்தது. 1999-இல் வந்த ஜிஃபோர்ஸ் 256, முப்பரிமாண உருவங்களை ஆக்கும் முக்கோணங்களை இடம் மாற்றி ஒளியூட்டும் கணக்குகளையும் முதன்மைச் செயலியிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது; ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் செயலி, என்ற பெயரை என்விடியா பரப்பியதும் அந்தக் கார்டோடுதான். 2001-இல் ஜிஃபோர்ஸ் 3 முனைகளையும் புள்ளிகளின் நிறத்தையும் கணக்கிடும், நிரல் எழுதத்தக்க ஷேடர்களைக் கொண்டுவந்தது. 2002-இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 9700 ப்ரோ என்விடியாவையே பின்னுக்குத் தள்ளியது. இவையெல்லாம் விளையாட்டு உலகின் வரலாறு.

எங்கள் தொழிலின் வரலாறு 2006 நவம்பரில் வெளிவந்த ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கார்டில் தொடங்குகிறது. அதுவரை ஒரு சிப்பில் உருவத்தின் முனைகளைக் கணக்கிடும் அலகுகள் தனியாகவும், புள்ளிகளுக்கு நிறமிடும் அலகுகள் தனியாகவும் இருந்தன. ஒரு காட்சியில் நிறமிடும் வேலை மிகுந்தால் மற்ற அலகுகள் சும்மா நிற்கும். 8800 ஜிடிஎக்ஸ் அந்தப் பிரிவினையை நீக்கி, எந்த வேலையையும் செய்யக்கூடிய 128 பொதுவான அலகுகளை வைத்தது. எந்த வேலையையும் செய்ய முடியுமென்றால், படம் வரைவதோடு அவற்றை நிறுத்துவானேன் என்ற கேள்வி எழுமல்லவா? அதற்கு விடையாக அதே காலத்தில் அறிவிக்கப்பட்டதுதான் ‘கூடா’ (CUDA) என்ற ஏற்பாடு. சி மொழியில் எழுதிய பொதுவான கணக்குகளைக் கார்டின் அலகுகளில் ஓட்ட அது வழி செய்தது. இன்று நாங்கள் ஒரு கிளிப்பின் நிறத்தைத் திருத்தும்போதும், இருட்டில் எடுத்த காட்சியின் புள்ளிக்கறைகளை நீக்கும்போதும் ஓடுவது அந்த வழியில்தான். 2012-இல் கெப்ளர் தலைமுறையோடு தொகுத்த வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக வெளியாக்கம் செய்வதற்கென்றே என்வென்க் என்ற தனிப் பகுதி சிப்புக்குள் வந்து சேர்ந்தது. அலகுகள், நினைவகம், வீடியோ பகுதி ஆகிய இந்த மூன்றையும் வைத்தே நான் ஒரு கார்டை எடைபோடுகிறேன்.

2016 ஜூலையில் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060, இந்த மூன்றிலும் ஒரே தாவலில் முன்னேறிய கார்டு. அதற்கு முந்தைய 960-இல் 1,024 அலகுகளும் 2 ஜிபி நினைவகமும் இருந்தன. 1060-இல் 1,280 அலகுகள், 6 ஜிபி நினைவகம். 28 நானோமீட்டரிலிருந்து 16 நானோமீட்டருக்குத் தயாரிப்பு முறை மாறியதால் அலகுகளின் கடிகார வேகமும் வெகுவாகக் கூடியது. மின்தேவை மட்டும் 120 வாட்டிலேயே நின்றது. 2014-இல் 549 டாலருக்கு அறிமுகமான ஜிடிஎக்ஸ் 980-க்கு ஏறக்குறைய இணையான வேகத்தை இரண்டே ஆண்டுகளில் 249 டாலருக்குக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கார்டு இது. அதே பெயரில் 3 ஜிபி கொண்ட, அலகுகளும் குறைந்த இன்னொரு கார்டையும் விற்றது மட்டும் வாங்குபவர்களைக் குழப்பியது. பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது என்ற பாடத்தை நாங்கள் அப்போது கற்றிருந்தால் பின்னால் ஒரு வாரத்தை இழந்திருக்க மாட்டோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் 1060 எட்டு ஆண்டுகள் உழைத்தது. நான்காம் ஆண்டு வைகாசியில் ஒருநாள், வெளியாக்கத்தின் பாதியில் அதன் வேகம் குறைவதைக் கவனித்தேன். வெப்பநிலை 83 பாகையில் அசையாமல் நின்றது. அந்தத் தலைமுறைக் கார்டுகள் தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை அதுதான். பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பார்த்தபோது, வெப்பத்தை இறக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையே தூசி ஒரு மெல்லிய கம்பளித் துண்டுபோல ஒட்டியிருந்தது. நகத்தால் இழுத்தால் முழுதாகக் கழன்று வந்தது. தெருவோரக் கடை அறையில் ஏசி இல்லாமல் கணினியை வைத்தது எங்கள் தவறு. புளோயரால் ஊதி, சிப்பின் மேல் காய்ந்து பொடியாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டை வழித்துப் புதிதாகத் தடவிய பிறகு, அதே வேலையில் வெப்பநிலை எழுபதுக்குக் கீழே இறங்கியது. அதன்பின் ஒவ்வொரு ஆடி மாதமும், வேலை குறைவாக இருக்கும் நாட்களில், எல்லாக் கார்டுகளையும் கழற்றித் துடைப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். இந்த ஒரு பழக்கம் ஒரு தலைமுறை முன்னேற்றத்துக்குச் சமமானது என்று உறுதியாகச் சொல்வேன்.

2019 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 2060 விலையில் 349 டாலராக ஏறியது. நினைவகமோ அதே 6 ஜிபியில் நின்றது. ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிடும் ஆர்டி அலகுகளும், செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான டென்சர் அலகுகளும் இந்த வரிசையில் முதன்முதலாக வந்தது இதில்தான். விளையாட்டுகளில் அவற்றின் பயன் தெரியச் சில ஆண்டுகள் பிடித்தன. எங்களுக்கு உடனே தெரிந்த பயன் இரண்டு. மணமக்கள் பெயரைத் தங்க எழுத்துகளாகச் சுழலவிடும் தலைப்புக் காட்சியை நாங்கள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்கிறோம். ஆர்டி அலகுகளைப் பயன்படுத்தும் வசதி பிளெண்டருக்கு வந்த பிறகு, இரவெல்லாம் ஓடிய வேலை சாப்பிட்டு வருவதற்குள் முடிந்தது. மற்றொன்று, எச்.265 என்ற வீடியோ சுருக்க வடிவில் வெளியாக்கும்போது படத்தின் தரம் கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்தது. முன்பு என்வென்க் வழியாக வந்த வீடியோவில் புகை, பூத்தூவல் போன்ற காட்சிகள் சிறு கட்டங்களாகச் சிதறும். 2060-இல் அது பெருமளவு அடங்கியது. இருந்தும், இரண்டரை ஆண்டுகள் கழித்து நூறு டாலர் கூடுதலாக வாங்கிய ஒருவருக்கு நினைவகத்தை ஒரு ஜிபிகூட உயர்த்தாதது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நினைவகத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கான காரணத்தை ஒரு சிறிய கணக்கால் விளக்கலாம். 4கே அளவுள்ள ஒரு ஃபிரேமில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உண்டு. நாங்கள் பயன்படுத்தும் தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வ் ஒவ்வொரு புள்ளியின் மூன்று நிறங்களையும் 32 பிட் துல்லியத்தில், அதாவது நிறத்துக்கு நான்கு பைட் வீதம் கணக்கிடுகிறது. அப்படியானால் ஒரே ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 100 எம்பி இடத்தை எடுத்துக்கொள்ளும். வரவேற்பு மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த காட்சியின் புள்ளிக்கறைகளை நீக்க, மென்பொருள் ஒரு ஃபிரேமை அதன் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இருபுறமும் ஐந்து ஐந்து ஃபிரேம்கள் என்று வைத்தால் மொத்தம் 11. அவற்றுக்கே ஒரு ஜிபிக்கு மேல் போய்விடும். அதன்மேல் நிறத் திருத்தம், முகத்தைப் பின்தொடரும் மாஸ்க், இடைநிலைப் படிவங்கள் என்று அடுக்க அடுக்க 6 ஜிபி மளமளவென்று தீர்ந்துவிடும். வேகம் குறைந்த கார்டு வேலையைத் தாமதமாக முடிக்கும். நினைவகம் போதாத கார்டு அதை முடிக்கவே முடிக்காது.

இந்தப் பின்னணியில்தான் 2021 பிப்ரவரியில் 329 டாலர் அறிவிப்பு விலையோடு வந்த 3060-ஐப் பார்க்க வேண்டும். அதன் 12 ஜிபி எப்படி வந்தது என்பது சுவையான விஷயம். நினைவக சிப் ஒவ்வொன்றும் 32 பிட் அகலமுள்ள பாதையால் ஜிபியுவோடு இணைகிறது. 192 பிட் பாதை என்றால் ஆறு சிப்புகள். அக்காலத்தில் ஒரு சிப் 1 ஜிபி அல்லது 2 ஜிபி என்ற இரண்டு அளவுகளில்தான் கிடைத்தது. ஆகவே 6 ஜிபி அல்லது 12 ஜிபி, இடைப்பட்ட எதுவும் முடியாது. 6 ஜிபி போதாது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் 12 ஜிபியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே தலைமுறையில் அதைவிட விலை கூடிய 3060 டிஐ, 3070 ஆகியவை 8 ஜிபியோடும், முதலில் வந்த 3080 கார்டு 10 ஜிபியோடும் நின்றன. சுத்த வேகத்தில் 3060 அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் நீளமான 4கே டைம்லைனை முழு அளவில் வெளியாக்கும்போது, தடைபடாமல் இறுதிவரை போகும் கார்டாக அது எங்களிடம் பெயர் எடுத்தது. விநாடிக்கு 360 ஜிபி கடத்தும் வேகம், மதர்போர்டோடு பேசப் பதினாறு தடங்கள் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு, 170 வாட் மின்தேவை என்று எந்தப் பக்கமும் கஞ்சத்தனம் இல்லாத வடிவமைப்பு அது.

அதை வாங்குவதுதான் அப்போது பெரும்பாடாக இருந்தது. எதீரியம் என்ற மெய்நிகர் நாணயத்தைத் தோண்டியெடுக்கும் வேலைக்காகக் கார்டுகள் மொத்தமாக அள்ளப்பட்ட காலம் அது. அந்த வேலையில் 3060-இன் வேகத்தைப் பாதியாகக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டோடு என்விடியா வெளியிட்டும், அறிவித்த விலைக்குக் கார்டு கிடைத்தவர்கள் மிகச் சிலரே. 2022 செப்டம்பரில் கார்டுகளால் தோண்டத் தேவையில்லாதபடி எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகுதான் நிலைமை முற்றிலும் தணிந்தது. அதற்குப் பின் இரண்டாவது 3060 ஒன்றை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினோம். பெட்டியில் 3060 என்ற பெயர் பெரிதாக இருந்தது; ஓரத்தில் சிறிய எழுத்தில் 8 ஜிபி என்றிருந்தது. 128 பிட் பாதையும் 8 ஜிபியும் கொண்ட குறைந்த வகை ஒன்று 2022 இறுதியில் அதே பெயரில் சந்தைக்கு வந்திருந்ததை நாங்கள் அறிந்திருக்கவில்லை. விற்பனைப் பக்கத்திலும் நினைவக அளவு குறிப்பிடப்படவில்லை. திருப்பி அனுப்பிப் பணம் பெறுவதற்குள் முகூர்த்தங்கள் நிறைந்த ஒரு வாரம் போய்விட்டது. பழைய 3060 வாங்க நினைப்பவர்கள் பெட்டியில் 12 ஜிபி, 192 பிட் என்ற இரண்டையும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

2023 ஜூன் இறுதியில் 299 டாலருக்கு வந்த 4060-ஐப் பற்றி என் கருத்து கடுமையானது. அதன் சிப் சிறப்பானது என்பதில் ஐயமில்லை. முந்தையதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தை 115 வாட்டில் தருகிறது. மின்சாரம் போனால் எங்கள் யுபிஎஸ் தாங்கும் நேரம் கூடியதை முதல் வாரத்திலேயே உணர்ந்தோம். ஏவி1 வடிவில் வெளியாக்கும் வசதியும் இந்த வரிசைக்கு முதன்முதலாக இதில் வந்தது. ஆனால் பாதையை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுக்கியதால் சிப்புகள் நான்காகி, நினைவகம் 8 ஜிபியாக இறங்கியது. கடத்தும் வேகமும் விநாடிக்கு 360 ஜிபியிலிருந்து 272 ஜிபியாகக் குறைந்தது. சிப்புக்குள்ளேயே 24 எம்பி இடைநினைவகம் வைத்திருப்பதால் குறுகிய பாதை ஒரு குறையாகாது என்பது அவர்கள் தரப்பு விளக்கம். ஒரே ஃபிரேமின் தரவைத் திரும்பத் திரும்பத் தொடும் விளையாட்டுகளுக்கு அது பொருந்தும். ஃபிரேமுக்கு 100 எம்பி என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும் வீடியோவுக்கு 24 எம்பி எந்த மூலைக்கு?

இன்னொன்றையும் பழைய கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 4060 பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள மதர்போர்டில் அது போதும். மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் செருகினால் அந்த இணைப்பின் வேகம் பாதியாகிவிடும். நினைவகம் நிரம்பி, கணினியின் ரேமிடம் கார்டு இடம் கேட்கும் நேரத்தில்தான் இந்தக் குறை வெளிப்படும். அதாவது, நினைவகம் குறைந்த கார்டுக்கு எது அதிகம் தேவையோ, அதுவே குறைக்கப்பட்டிருக்கிறது.

2025 மே மாதம் அதே 299 டாலருக்கு வந்த 5060, எங்கள் தொழிலுக்கு மற்ற எல்லாக் கார்டுகளும் மறுத்துவந்த ஒன்றைக் கொடுத்தது. இப்போது திருமணங்களுக்குப் பயன்படும் சோனி கேமராக்கள் பலவும் 10 பிட், 4:2:2 முறையில் பதிவு செய்கின்றன. வழக்கமான 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் பதிவாகும். 4:2:2 முறையில் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. வித்தியாசம் எங்கே தெரியும் என்று கேட்டால், அரக்குக் கூறைப்புடவையின் ஜரிகைக் கரையைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்வேன். முதல் வகையில் சிவப்பு பொன்னிழைக்குள் கசிந்து கரை மங்கித் தெரியும். இரண்டாவதில் இழை இழையாகப் பிரிந்து நிற்கும். இந்தப் பதிவுகளை ஓட்டிப் பார்ப்பதற்கான வன்பொருள் வசதி 4060 வரையிலான எந்த ஜிஃபோர்ஸ் கார்டிலும் இல்லை. அதனால் ஒவ்வொரு கிளிப்பையும் முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றி, அந்த நகலை வைத்துத் தொகுத்தோம், அல்லது எச்.265 பதிவுகளுக்கு மட்டுமாவது கைகொடுக்கும் இன்டெல் செயலிகளின் உள் கிராபிக்ஸை நம்பினோம். 50 வரிசைக் கார்டுகள் எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 பதிவுகளை நேரடியாகக் கையாள்கின்றன. ரிசால்வின் கட்டணப் பதிப்பில் மூன்று கேமராக் காட்சிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, தாலி கட்டும் நொடியை எந்தக் கோணத்தில் வைப்பது என்று முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தபோது, கர்சர் போன இடத்துக்குப் படமும் உடனே வந்தது. பல ஆண்டுகளாக அந்த வேலையில் பொறுமை இழந்து பழகிய எங்கள் எடிட்டர் தம்பி, அன்று மாலை நகல் எடுக்கும் வேலையையே விட்டுவிட்டார்.

நினைவக சிப் வகையும் ஜிடிடிஆர்7 ஆக மாறியதால், அதே 128 பிட் பாதையிலேயே கடத்தும் வேகம் விநாடிக்கு 448 ஜிபியாக உயர்ந்தது. 4060-இல் நான் சொன்ன குறைகளில் ஒன்று இதனால் தீர்ந்தது. மற்றொன்று அப்படியே இருக்கிறது: நினைவகம் 8 ஜிபிதான். மின்தேவை 145 வாட். விளம்பரங்களில் முன்னிறுத்தப்படும் டிஎல்எஸ்எஸ் 4, அதாவது இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே மூன்று ஃபிரேம்கள் வரை கார்டே கற்பனை செய்து நிரப்பும் வசதி, விளையாட்டுக்கானது. படத்தொகுப்பில் அதற்கு வேலையில்லை. அந்த ஒப்பீட்டு வரைபடங்களைப் பார்த்து, முந்தைய தலைமுறையைவிடப் பல மடங்கு வேகம் என்று நம்பி வாங்க வேண்டாம் என்று தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் உணர்ந்த உண்மையான முன்னேற்றம் வீடியோ பகுதியில்தான்.

எனவே இன்று புதிதாக வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை இப்படி இருக்கும். 4:2:2 பதிவுகள் வருகின்றன, 4கே அளவில்தான் வெளியாக்குகிறோம் என்றால், சற்றுப் பொறுத்துப் பணம் சேர்த்து 16 ஜிபி கொண்ட 5060 டிஐ கார்டை வாங்குங்கள்; அறிவிப்பு விலை 429 டாலர், அதே வீடியோ வசதிகள் அதிலும் உண்டு. அதன் 8 ஜிபி வகையும் அதே பெயரில் விற்கப்படுகிறது என்பதால் பெட்டியை மறுபடி ஒருமுறை பாருங்கள். முழு எச்டி அளவில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு 5060 தாராளமாகப் போதும். 249 டாலர் அறிவிப்பு விலையில் 12 ஜிபி தரும் இன்டெல் ஆர்க் பி580 கார்டும் எச்.265 4:2:2 பதிவுகளைக் கையாளும். கூடாவை நம்பியிருக்கும் செருகுநிரல்கள் எதையும் பயன்படுத்தாதவர்கள் அதைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். 1060-ஐ இன்னும் வைத்திருப்பவர்கள், அந்தத் தலைமுறைக்கான வழக்கமான டிரைவர் மேம்பாடுகள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

எங்களிடம் இப்போதுள்ள ஏற்பாட்டில் 5060 கார்டு எடிட்டர் மேசையில் இருக்கிறது. காட்சிகளைப் பார்ப்பது, தேர்வது, கோப்பது எல்லாம் அதில். கோத்து முடித்த திட்டம் பின்னறையில் உள்ள 3060 கணினிக்குப் போகும். புள்ளிக்கறை நீக்குவதும் இறுதி வெளியாக்கமும் அதன் 12 ஜிபியில் இரவில் நடக்கும். 4060 ஆல்பம் வடிவமைக்கும் மேசையில் இருக்கிறது. 2060-ஐத் தெரிந்த மாணவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். 1060-ஐ மட்டும் கடைசியாக ஒருமுறை துடைத்து, அதன் பழைய பெட்டியிலேயே போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். நேற்றிரவு ஒரு வரவேற்பு வீடியோ, இரண்டு மணி நேர நீளம், 4கே; பத்தரைக்கு 3060-இல் ஏற்றிவிட்டுக் கடையைப் பூட்டினோம், காலையில் திறந்தபோது வேலை முடிந்திருந்தது.